பேர் சொல்லாமல் கேட்ட கேள்வி

 

போன மாதம் இதே மோர்னிங்சைட் அறையில் சங்க இலக்கியம் பற்றி ஒரு பேச்சு நடந்தது. முடிவில் "கேள்விகள் இருந்தால் கேட்கலாம்" என்று அறிவித்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போது என் கைத்தொலைபேசிக்கு ஒரு தகவல் வந்தது: "அண்ணை, குறுந்தொகைக்கும் நற்றிணைக்கும் என்ன வித்தியாசம்? என்ர பேரைச் சொல்லாமல் கேளுங்கோ."

அனுப்பியவர் வங்கி ஒன்றில் நல்ல பதவியில் இருப்பவர். நான் பேர் சொல்லாமல் கேட்டேன். பேச்சாளர் பதில் சொன்னார். இரண்டும் அகப்பாட்டுத்தான், பிரித்தது அடிக்கணக்கு. பொதுவாக 4 முதல் 8 அடி வரை குறுந்தொகை, 9 முதல் 12 வரை நற்றிணை, 13 முதல் 31 வரை அகநானூறு. அறையில் ஏழெட்டுப் பேர் "ஓ" என்றார்கள். ஒரு மணித்தியாலம் குறுந்தொகை, நற்றிணை என்று கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பேச்சாளரும் அதைச் சொல்லியிருக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தார்.

அந்த "பேரைச் சொல்லாமல்" என்பதுதான் என்னை இன்றைக்குப் பேச வைத்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பாடம் முடித்து "விளங்கிச்சோ?" என்று கேட்பார். "ஓம் சேர்" என்று கூட்டாகச் சொல்லுவோம். அந்தக் கேள்விக்கு வேறு பதில் இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. "இல்லை" என்றால் முழு வகுப்பும் திரும்பிப் பார்க்கும். அந்த "ஓம் சேர்" என்னோடு விமானம் ஏறி வந்தது.

1990இல் நான் இங்கே வந்த புதிதில் ஒன்றுவிட்ட அண்ணர் சொன்னார்: "மோர்னிங்சைட் பஸ்ஸில ஏறேக்கை ட்ரான்ஸ்பர் எடு, மறந்திடாதை." ட்ரான்ஸ்பர் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அப்பா வாத்தியார், அவருக்கு முல்லைத்தீவுக்கு வந்தது ட்ரான்ஸ்பர். பஸ்ஸில் அதை எப்படி எடுக்கிறது? கேட்டால் சிரிப்பார் என்று "ஓம்" என்றேன். மூன்று கிழமை, ஒவ்வொரு பஸ் மாறும்போதும் திரும்பக் காசு போட்டேன். மற்றவர்கள் ஒரு கடதாசித் துண்டைக் காட்டிவிட்டு ஏறுவதைப் பார்த்துத்தான் விளங்கியது.

இதைச் சொல்லிப் பலமுறை ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். போனது என் காசு. அடுத்ததை இதுவரை மேடையில் சொன்னதில்லை.

2012இல் அம்மாவை ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, நான்தான் மொழிபெயர்ப்பு. பேச்சுக்கிடையில் வைத்தியர் 'பலியேட்டிவ்' என்றொரு சொல்லைச் சொன்னார். எனக்கு அர்த்தம் தெரியாது. இந்த நாட்டில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன், குடும்பத்தில் 'படிச்ச பிள்ளை', அவருக்கு முன்னால் தெரியாது என்று சொல்வதா? தலையாட்டினேன். "என்னவாம் தம்பி?" என்று அம்மா கேட்டா. "வேற மருந்து தரப்போகினமாம்" என்றேன். வீட்டில் போய் அகராதியைப் பார்த்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. பாதி பயம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆறு கிழமை கழித்துப் போனபோது மகளும் வந்தாள். பதினைந்து வயது. அதே சொல் வந்தது. "அப்படியென்றால் என்ன?" என்று அவள் உடனே கேட்டாள். வைத்தியர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நோயை மாற்றுகிற வைத்தியம் இனி இல்லை, நோவைக் குறைத்துப் பார்த்துக்கொள்வதுதான் என்று சின்னச் சின்னச் சொற்களில் விளக்கினார். அவளை அவர் முட்டாளாகப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. என்னைத்தான் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

அம்மா ஒன்றுதான் கேட்டா: "அப்ப நான் ஒருக்கால் ஊருக்குப் போய் வரலாமோ?" ஆறு கிழமைக்கு முந்திக் கேட்டிருந்தால் யோசித்திருக்கலாம், இப்போது அவ்வளவு தூரம் விமானத்தில் இருக்க உடம்பு தாங்காது என்றார். அதை மட்டும் நான் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

கேட்காமல் இருந்ததால் என் மரியாதை தப்பியது. நட்டம் அம்மாவுக்கு. இந்தக் கணக்கு எப்போதும் இப்படித்தான் வருகிறது, வெட்கம் ஒருவருடையது, இழப்பு பக்கத்தில் இருப்பவருடையது. இதை நினைத்துக்கொண்டு உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தைத் திரும்ப எடுத்தபோது, நன்றாகத் தெரிந்த ஒரு பகுதி வேறு மாதிரி இருந்தது.

1880 அக்டோபர் 21. கும்பகோணம் கல்லூரியில் அந்த வருடம்தான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த சாமிநாதையருக்கு இருபத்தைந்து வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். ஊருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். (பாருங்கள், அவருக்கும் ட்ரான்ஸ்பர்தான்.) என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று பெரிய பட்டியலையே இவர் சொல்கிறார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். இல்லை.

இந்தக் காட்சியைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியம் இதற்குப் பிறகு நடந்தது. முதலியாருக்கும் சிந்தாமணி தெரியாது. அவர் தன்னிடம் இருந்த பிரதியைக் கொடுத்து, பாடம் சொல்லும்படி கேட்கிறார். ஊரின் நீதிபதி, இளம் வாத்தியார் ஒருவரிடம் மாணவராக இருக்க ஒப்புக்கொள்கிறார். அந்த வாத்தியாருக்கோ நூல் புரியவில்லை. நச்சினார்க்கினியர் உரையில் வருகிற மேற்கோள்கள் எந்த நூலில் உள்ளவை என்றே தெரியவில்லை. சிந்தாமணி சமண காவியம், இவர் படித்து வளர்ந்ததோ திருவாவடுதுறைச் சைவ மடத்தில். கடைசியில் கும்பகோணத்தில் இருந்த சமணர்களைத் தேடிப் போனார். அவர்கள் வீடுகளில் சிந்தாமணி படிக்கிற வழக்கம் இருந்தது. கல்லூரி ஆசிரியர், அவர்களிடம் போய், இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இந்த வழக்கம் என்ன என்று கேட்டார்.

நன்னூல் முதலான இலக்கணங்களை வகுப்பில் நடத்துகிற ஒருவர் கேட்கிற கேள்விகளா இவை என்று யாராவது நினைத்திருக்கலாம். நினைத்தால் நினைக்கட்டும் என்று அவர் விட்டதால் 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. அவர் அன்றைக்குத் தலையாட்டிவிட்டு வந்திருந்தால் இழந்திருக்கக்கூடியவர்கள் நாங்கள்.

அந்த நன்னூலே வினாவை ஆறாகப் பிரிக்கிறது. தெரிந்தவர் கேட்பது அறிவினா, தெரியாதவர் கேட்பது அறியா வினா. ஐயம், கொளல், கொடை, ஏவல் என்று மற்ற நான்கு. கடையில் பயறு இருக்கிறதா என்று கேட்பதும் ஒரு வினா, கொளல் வினா. பவணந்தி முனிவர் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைக்கிறார், அறியா வினாவுக்குத் தனியாக ஒரு மூலை இல்லை. எங்கள் கூட்டங்களில்தான் மற்ற ஐந்தும் தொலைந்து அறிவினா மட்டும் மிஞ்சிவிட்டது. ஐந்து நிமிடம் பேசிவிட்டு "இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று முடிப்பார்கள். நானும் செய்திருக்கிறேன், சிரிக்கவேண்டாம்.

இதற்காக, கேள்வி கேட்டால் யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது பொய். என் மகள் இங்கே பிறந்தவள், அவளுடைய ஆங்கிலத்துக்கு இந்த ஊர் உச்சரிப்பு. அவள் கேட்டால் 'கெட்டிக்காரப் பிள்ளை'. அதே கேள்வியை அம்மா உடைந்த ஆங்கிலத்தில் கேட்டிருந்தால், மொழி தெரியாததை அறிவு இல்லாததாக எடுக்கிறவர்கள் உண்டு. கவுண்டர்களுக்கு முன்னால் நின்ற எல்லோருக்கும் அந்தப் பார்வை தெரியும். எங்கள் கவிஞர்களின் அவையடக்கமும் அப்படித்தான். பாற்கடலை நக்கிக் குடிக்கப்போன பூனை என்று கம்பர் தன்னைச் சொல்லலாம், அவர் கம்பர். சாமிநாதையரும் இதையெல்லாம் எழுதியது எண்பது வயது தாண்டி, எல்லாப் புகழும் வந்த பிறகு. 1880இல் அந்த வீட்டு வாசலில் நின்றபோது அவருக்கு வயிறு எப்படி இருந்தது என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே அந்த வங்கி நண்பரில் எனக்குக் குறை இல்லை. பேர் சொல்லாமல் என்றாலும் கேட்டார், நான் அன்றைக்கு வைத்தியருக்கு முன்னால் செய்யாததை. இன்றைக்கும் வந்திருக்கிறார், எந்த வரிசை என்று சொல்லமாட்டேன்.

இருபது நிமிடம் இருக்கிறது. மைக் பின்னால் இருக்கு. திரையில் இருப்பவர்கள் எழுதி அனுப்புங்கோ, பேர் போடாவிட்டாலும் வாசிப்பேன். ஓம், அந்த நீலச் சேலை அக்கா, நீங்கள் கேளுங்கோ.