தேவசகாயம் என்னும் பெயர்



ஜூன் 24 அன்று திருமுழுக்கு யோவானின் பிறப்பு விழாவைத் திருச்சபை கொண்டாடுகிறது. அன்று வாசிக்கப்படும் லூக்கா நற்செய்திப் பகுதியில், ஒரு பெயரைக் குறித்து வீட்டுக்குள் வழக்கு நடக்கிறது. குழந்தை பிறந்த எட்டாம் நாள். சொந்தபந்தம் எல்லாம் கூடி, தகப்பன் செக்கரியாவின் பெயரையே பிள்ளைக்கும் வைக்கப் பார்க்கிறார்கள். தாய் எலிசபெத்து மறுக்கிறார். யோவான் என்றுதான் பெயரிட வேண்டும் என்கிறார். உங்கள் உறவில் இந்தப் பெயர் யாருக்குமே இல்லையே என்று அவர்கள் வாதாடுகிறார்கள். பேச்சிழந்திருந்த தகப்பனோ எழுதுபலகையைக் கேட்டு வாங்கி, தாய் சொன்ன பெயரையே எழுதுகிறார். உடனே அவருடைய நாவின் கட்டு அவிழ்கிறது.

யோவான் என்ற எபிரேயப் பெயருக்கு, ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்று பொருள். அதனால்தான் நம் முன்னோர் அவரை அருளப்பர் என்று அழகாகத் தமிழில் அழைத்தார்கள். உறவினர்கள் கேட்டது குலத்தின் பெயரை. கடவுள் கொடுத்ததோ அருளின் பெயரை.

பெயர்கள் பலவிதமாகப் பிறக்கின்றன. நம் பகுதியில் சவேரியார், சவரிமுத்து, சவரியம்மாள் என்ற பெயர்கள் இல்லாத ஊர் அபூர்வம். 1542-இல் இந்தியாவுக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாரின் நினைவு அது. சவேரியார் என்பது அவர் பிறந்த கோட்டையின் பெயர். ஸ்பெயின் நாட்டு வடபகுதியில் வழங்கும் பாஸ்க் மொழியில் அதற்குப் 'புதுவீடு' என்று பொருள். இங்கே புதுவீட்டுக்காரர், மேலவீட்டுக்காரர் என்று சொல்கிறோம் அல்லவா, அதே போலத்தான்.

நம் கடற்கரை ஊர்களில் பெர்னாண்டஸ், பெரேரா, டி கோஸ்டா என்ற பெயர்களைக் கேட்கிறோம். 1530-களில் முத்துக்குளித்துறை மக்கள் திருமுழுக்குப் பெற்ற காலந்தொட்டு, போர்த்துக்கீசியர் வழியாக வந்தவை அவை. டி கோஸ்டா என்றால் கடற்கரையைச் சேர்ந்தவர். பெரேரா என்றால் பேரிக்காய் மரம். பெர்னாண்டஸ் என்றால் பெர்னாண்டோவின் மகன். திருத்தூதர் பர்த்தலமேயுவின் பெயரும் அப்படியே: அரமேய மொழியில் 'பர்' என்றால் மகன், அவர் தோல்மாயின் மகன். ஐஸ்லாந்து நாட்டில் இன்றும் பெரும்பாலோருக்குத் தகப்பன் பெயரே பின்பெயர். நாம் பெயருக்கு முன்னால் போடும் இனிஷியலும் இதே வேலையைத்தான் செய்கிறது. பெற்றவரை நினைத்து நன்றி சொல்லும் எழுத்து அது. அதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆனால் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் இன்னொன்று உண்டு. அது நம்மை ஈன்றவரைச் சொல்வதில்லை. யார் மேல், யார் கீழ் என்று சொல்கிறது. அதுதான் சாதிப் பட்டம்.

நம் ராதாபுரம் வட்டத்தில் இருக்கிற வடக்கன்குளத்துக்கு வாருங்கள். 1745 மே 14 அன்று, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை அங்கே திருமுழுக்குப் பெற்றார். அவருக்குக் கொடுக்கப்பட்ட பெயர் லாசர். அதற்குக் கடவுள் உதவினார் என்று பொருள். அதையே தமிழாக்கித் தேவசகாயம் என்றார்கள். அவருடைய மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார்.

லாசர் என்ற பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இயேசு எத்தனையோ உவமைகள் சொன்னார். விதைப்பவர், ஊதாரி மகன், நல்ல சமாரியர் என்று எத்தனையோ பேர் அவற்றில் வருகிறார்கள். அவர்களுள் ஒருவருக்குத்தான் அவர் பெயர் கொடுத்தார். செல்வரின் வாசலில் புண்களோடு கிடந்த ஏழைக்கு லாசர் என்று பெயரிட்டார். விலையுயர்ந்த ஆடை உடுத்தி விருந்துண்ட செல்வருக்குப் பெயரே இல்லை! அரசுப் பணியில் மதிப்போடு இருந்த மனிதர், அந்த ஏழையின் பெயரைச் சுமந்துகொண்டு வடக்கன்குளத்திலிருந்து திரும்பினார்.

அந்தப் பெயருக்கு ஏற்றபடியே அவர் வாழ்ந்தார். தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு வேற்றுமையின்றிப் பழகினார். பகையைச் சம்பாதித்தார். சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2012-இல் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டபோது, தேவசகாயம் பிள்ளை என்றே வழங்கினோம். அந்தப் பட்டத்தை நீக்க வேண்டும் என்று வேண்டுகோள் எழுந்தது. உரோமை அதை ஏற்றது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, திருமுழுக்கில் பெற்ற பெயர் மட்டுமே ஒலித்தது. 1745-இல் தொட்டியருகே கொடுக்கப்பட்ட பெயர் தனியே நிற்க 277 ஆண்டுகள் ஆயின.

நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், சாதிவாரியாகப் பிரிந்து அமர்வதற்காகக் கோவிலின் நடுவே சுவர் இருந்தது. 1910-இல் அருள்தந்தை கௌசானல் அதை இடித்தார். வழக்கு நீதிமன்றம் வரை போனது. சுவர் மறுபடி எழவில்லை.

1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயரில் அந்த வால் இல்லை. பெருமைதான். ஆனால் பெயரிலிருந்து போனது கையில் கயிறாக வந்துவிட்டதே! பக்கத்து நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில், ஒரு பள்ளி மாணவனை, அதே பள்ளியில் படிக்கிறவர்களே சாதி வெறியோடு வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை தந்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிகளின் பெயரிலும் சாதி இருக்கக் கூடாது என்று அது பரிந்துரைத்தது.

கயிறு கட்டாத பெரியவர்களாகிய நாம் என்ன செய்கிறோம்? புதிதாக ஒருவரைப் பார்த்ததும், "பேரு என்ன?" என்கிறோம். பெயரைச் சொன்னால் போதவில்லை. "எந்த ஊரு? எந்தத் தெரு? யாரு மகன்?" என்று சுற்றி வளைத்து ஒன்றைத் தேடுகிறோம். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நாற்காலி போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம். பிள்ளைகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கயிற்றின் முதல் முடிச்சு அங்கேதான் விழுகிறது.

திருமுழுக்குச் சடங்கில் குருவானவர் பெற்றோரிடம் கேட்கும் முதல் கேள்வி, பிள்ளைக்கு என்ன பெயர் என்பதுதான். எந்தத் தெரு என்று சடங்கு கேட்பதில்லை. புனிதரின் பெயர்தான் வேண்டும் என்றும் இன்றைய திருச்சபைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரைத் தவிர்க்கவே சொல்கிறது. அன்பழகன் என்றும் வைக்கலாம், அருள்மொழி என்றும் வைக்கலாம். எந்தப் பெயரானாலும், அந்தப் பெயரைச் சொல்லித்தான் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தண்ணீர் ஊற்றப்படுகிறது. அதற்கு மேல் சேர்க்க என்ன பட்டம் இருக்கிறது?

இன்று இரவு வீட்டில் செபமாலை சொல்லி முடித்த பின், உங்கள் பிள்ளைகளை அருகில் அழைத்து, அவர்களுடைய பெயருக்கு என்ன பொருள், ஏன் அதை வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்த முறை புதியவர் ஒருவர் பெயரைச் சொல்லும்போது, அதோடு கேள்வியை நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆண்டவரே, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கிறவர் நீர். நீர் அழைத்த பெயருக்கு மேல் எதையும் தேடாத மனதை எங்களுக்குத் தாரும். மறைசாட்சியான புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.