நாற்றங்கால் என்னும் சொல்

    

இருபத்தைந்து ஆண்டு நிறைந்த கல்விச் சங்கத்தை எந்தச் சொல்லால் அழைக்கலாம் என எண்ணிப் பார்த்தோம். ‘நாற்றங்கால்’ என்பதே பொருந்தும் எனத் தோன்றிற்று. சமயநல்லூர் வயல்வெளிகளில் நம் முன்னோர் வாயில் நாளும் புழங்கிய சொல் அது.

நாறுதல் என்னும் வினைக்கு முளைத்தல், தோன்றுதல், மணத்தல் எனப் பல பொருள் உண்டு. முளைத்து வெளிப்பட்டது நாறு, அதுவே நாற்று. ‘கால்’ என்பது இங்கே இடத்தைக் குறிக்கும். நன்னூலாரும் அதனை இடப்பொருள் உருபுகளுள் ஒன்றாக வைத்துள்ளார். எனவே, முளையைப் பேணி வளர்க்கும் இடமே நாற்றங்கால்.

இதே வேரில் பிறந்த ‘நாற்றம்’ முற்காலத்தில் நறுமணத்தைக் குறித்தது. இன்றைய வழக்கில் கெட்ட வாடையையே குறிக்கிறது. ‘சேரி’யும் அவ்வாறே. சேர்ந்து வாழும் இடம் சேரி. சோழர் காலப் பிரமதேய ஊர்களின் பகுதிகளும் சேரி என்றே பெயர் பெற்றிருந்தன. சொல்லின் வேரில் இழிவு இல்லை. வழங்கியோர் மனத்தில் இருந்த இழிவே அதன்மேல் ஏறிற்று. மனிதர்க்கும் இது பொருந்தும் என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது.

‘பள்ளி’ என்னும் சொல்லும் நம் மதுரை மண்ணில் தொன்மையானது. 1882-இல் இராபர்ட் சுவெல் கண்டறிந்த மாங்குளம் தமிழி எழுத்துகளில் அச்சொல் காணப்படுகிறது. அறிஞர் ஐராவதம் மகாதேவன் அவற்றைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவாகக் கணித்தார். துறவியர் தங்கிய கற்படுக்கையே அங்குப் பள்ளி. பின்னர் அச்சொல் கற்பிக்கும் இடத்திற்கும் ஆயிற்று.

பிற நாட்டாரும் குழந்தையையும் பயிரையும் ஒன்றாகவே எண்ணினர். ஊட்டி வளர்த்தல் என்னும் இலத்தீன் வேரிலிருந்து வந்த ‘நர்சரி’ குழந்தைக்கும் செடிக்கும் பொதுவாயிற்று. செருமானியர் ஃபுரோபெல் 1840-இல் தம் பள்ளிக்குக் ‘குழந்தைகள் தோட்டம்’ எனப் பொருள்படும் ‘கிண்டர்கார்டன்’ என்னும் பெயரிட்டார். நம் தாய்மார் ‘பால்வாடி’ என்பதைப் பால் கொடுக்கும் இடம் எனக் கொள்வர். உண்மையில் ‘பால’ என்பது குழந்தை, ‘வாடி’ என்பது தோட்டம்.

ஆனால், நாற்றுப் பறித்து, முடி கட்டிச் சுமந்து, சேற்றில் குனிந்து நட்ட கைகள் யாருடையவை? நம்முடையவை. வயலோ பெரும்பாலும் பிறருடையது. பயிரை வளர்த்தவர் தம் பிள்ளையை வளர்க்க நாற்றங்கால் இல்லாதிருந்தனர். அக்குறை தீரவே சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகம் கண்டார். அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகம் நிறுவினார். நம் சங்கமும் அவ்வழி வந்ததே.

நாற்றங்கால் கற்பிக்கும் பாடம் இரண்டு. ஓர் ஏக்கர் நடவுக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் போதும். ஆகவே நாம் சிலரே என்று சோர்தல் வேண்டா. மற்றொன்று பருவம். நடுத்தர வயதுடைய நெல்லின் நாற்றை ஏறத்தாழ இருபத்தைந்து நாளில் பிடுங்கி நடவேண்டும். முதிர்ந்த நாற்று நன்றாகத் தூர் கட்டாது. எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ படிப்பை நிறுத்திக் கூலிக்கு அனுப்பப்படும் பிள்ளையின் பருவமும் அவ்வாறே கடந்துவிடுகிறது. கடன் வாங்கித் திருவிழாச் செய்யும் வீடு, பெண் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்கு மட்டும் கை விரித்தல் முறையாகுமா?

நாற்று, நாற்றங்காலிலேயே கதிர் விடுவதில்லை. பெயர்ந்து சென்று வேறு வயலில் வேரூன்றுகிறது. படித்து வெளியூர் செல்லும் இளைஞர்களை நாம் தடுக்கவில்லை. விளைந்தபின் விதைநெல்லில் ஒரு படியேனும் இங்குக் கொண்டுவாருங்கள் என்றே கேட்கிறோம். மாலைதோறும் ஒரு மணி நேரம் நம் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருதலே அந்த விதைநெல். அதனை இவ்வாண்டே தொடங்குவோம்.

வாழ்க சங்கம்! வளர்க கல்வி!