லொறியின் பின் அச்சுக்கும் ஒயில் வேண்டும்

(பிள்ளை மடுவத்தில் நடந்த மாலைக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போசாக்கும் குடிதண்ணியும் பேசுகிற நாங்கள் இன்று வாகனம் பேச வந்ததற்குச் சிலர் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. பகலில் கொழுந்து ஏற்றுகிற லொறிதானே ராத்திரியில் பிள்ளை வலி கண்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறது? ஒருமுறை அப்படிப் போகும்போது நாங்களும் கூட இருந்தோம். பாதி ஏற்றத்தில் பின்பக்கம் உறுமி, கடகடவென்று அடித்து நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, சில்லு அசையவில்லை. பின்னால் வந்த மரக்கறி வேன்காரர் ஏற்றிக்கொண்டதால் தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

மறுநாள் கராஜில் கழற்றினால், உள்ளே ஒரு தேத்தண்ணிக் கோப்பை ஒயில்கூட இல்லை. பெயாரிங் சூட்டில் நீலம் பாரித்து நொறுங்கி, பற்களும் உடைந்து கிடந்தன. சாரதித் தம்பி தலையைக் குனிந்து, "ஒரு மாசமா சத்தம் கேட்டுச்சுங்க ஐயா, சொன்னா என்னையத்தான் ஏசுவாங்கன்னு விட்டுட்டேன்" என்றார். அவரை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. சத்தத்தைச் சொன்னவரை ஏசினால் அடுத்தவர் வாய் திறக்க மாட்டார்.

பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி உருண்டிருப்பதுதான் டிப்பரன்சியல். எஞ்சினுக்கு இருப்பது போல ஒயில் பம்ப் சாதாரணமாக இதற்குக் கிடையாது. உள்ளே பெரிய பற்சில்லு ஒயிலில் தோய்ந்து சுற்றி வாரி வீசுகிறதே, அதுதான் முன்னால் உள்ள பினியன் பெயாரிங்குக்குப் போய்ச் சேரும். ஏற்றத்தில் வண்டியின் மூக்கு தூக்கும்போது ஒயில் பின்பக்கம் ஒதுங்கிவிடும். அளவு குறைவென்றால் அந்த பெயாரிங் காய்ந்தே ஓடும், சுமையும் அப்போதுதான் அதிகம். மட்டமான ரோட்டில் சமாளிக்கிற வண்டி நம்முடைய மலை ரோட்டில் சமாளிக்காது.

இந்த ஒயில் எரிந்து குறைவதில்லை. குறைந்தால் ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். பினியன் சீலைப் பாருங்கள், சில்லின் உட்பக்கத்தைப் பாருங்கள். சில்லுப் பக்கம் ஒழுகினால் பிரேக் லைனிங் நனைந்து, இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. அது பெயாரிங்கைவிடப் பெரிய ஆபத்து. அச்சின் மேலுள்ள காற்றுத் துவாரம் சேற்றால் அடைபட்டாலும் உள்ளே அழுத்தம் கூடி சீல் வழியாக ஒயிலைத் தள்ளும்.

பார்ப்பது லேசு. மட்டமான இடத்தில் நிறுத்தி, சூடு ஆறியபின் நிரப்பும் மூடியைக் கழற்றி விரலை விடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் துவாரத்தின் கீழ் விளிம்பு வரை ஒயில் நிற்க வேண்டும். பழைய ஒயிலை வடிப்பதானால் முதலில் மேல் மூடியைத் திறந்து பாருங்கள். வடித்தபின் அது இறுகித் திறக்காவிட்டால் எதால் நிரப்புவது? வண்டிப் புத்தகம் சொல்லும் கியர் ஒயிலே வேண்டும், எஞ்சின் ஒயில் மிச்சத்தை ஊற்றாதீர்கள். பால் நிறமாக வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, முழுவதையும் மாற்றுங்கள்.

தாய்மாரே, பின்னால் உட்கார்ந்து போகிற உங்கள் காதுக்குத்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்கும். வேகம் கூடக் கூட ஊளையிட்டால், அக்சிலேட்டரை விட்டதும் சத்தம் மாறினால், இறங்கும்போதே சொல்லுங்கள். "தம்பி, பின்னால கத்துது" என்றால் போதும்.

வருகிற ஞாயிறு காலை பக்டரி முற்றத்தில் வண்டிகளின் மூடியைக் கழற்றிப் பார்ப்போம். பழைய துணி கொண்டு வாருங்கள்.