விரிசலின் நீளம் எவ்வளவு?

1943 ஜனவரி 16-ஆம் தேதி இரவு. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், கடலோட்டச் சோதனையை முடித்துவிட்டு வந்த 'ஷெனெக்டடி' என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் துறையில் கட்டப்பட்டிருந்தது. நீரில் அலையில்லை. திடீரென்று பெருஞ்சத்தம். மேல்தளத்தில் புறப்பட்ட விரிசல் இரு பக்கமும் கீழே பாய்ந்து கப்பலை நடுவில் பிளந்தது. அடித்தட்டு மட்டும் அறாமல் நின்றது.

எவ்வளவு நீள விரிசல், எவ்வளவு சுமையில் இப்படிப் பாயும்? அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் ஜார்ஜ் இர்வின் 1950-களில் இதற்குக் கணக்கு வகுத்தார். அந்தக் கணக்கில் விரிசலின் நீளம் தவறினால் விடையும் தவறும்.

ஓர் உலோகம் விரிசலை எவ்வளவு தாங்கும் என்று அறியும் சோதனைக்கு அதன் துண்டொன்றை எடுத்து வாய்போல வெட்டுகிறார்கள். வெட்டின் முனை மழுங்கலாக இருக்கும் என்பதால், ஆயிரக்கணக்கான முறை இழுத்துத் தளர்த்தி, அதிலிருந்து கூரான விரிசலை வளர்க்கிறார்கள். பிறகுதான் உண்மையான சோதனை. நுண்ணோக்கியால் பக்கவாட்டில் பார்த்தால் நீளம் தெரியுமே என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்றம். தடித்த துண்டின் உள்ளே விரிசல் நாக்கு நீட்டியதுபோல நடுவில் முந்திப் போயிருக்கும். வெளியே தெரிவது குறைவு.

அதனால் நீளத்தைச் சுற்றுவழியில் அறிகிறார்கள். விரிசல் வளர வளரத் துண்டு இளகும்; ஒரே சுமைக்கு வாய் அதிகம் திறக்கும். வாயில் பொருத்திய சிறு கருவி அந்தத் திறப்பை அளக்கிறது. இன்னொரு வழி, துண்டுக்குள் சீரான மின்னோட்டம் செலுத்துவது. உலோகம் அறுபட அறுபட மின்சாரம் போகும் பாதை குறுகி, விரிசலின் இரு கரைகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு ஏறும்.

ஆனாலும் கடைசி வார்த்தை கண்ணுக்குத்தான். சோதனை முடிந்ததும் எஃகுத் துண்டைச் சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குகிறார்கள். அப்போது விரிசல் முகத்தில் ஒரு நிறம் ஏறுகிறது. பிறகு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் குளிர்வித்து ஒடிக்கிறார்கள். நிறமேறிய பகுதி பழைய விரிசல். பளபளப்பது புதிய முறிவு. அலுமினியத்தில் இந்த நிறம் தெரியாது. அங்கே மறுபடி இழுத்துத் தளர்த்தி, விரிசல் நின்ற இடத்தில் ஒரு கோடு விழச் செய்கிறார்கள்.

ஒடிந்த முகத்தில் ஒன்பது இடங்களில் நீளத்தை அளந்து சராசரி காண்கிறார்கள். ஓரங்களின் இரண்டு அளவுகளும் சேர்ந்து ஒன்றாகவே எண்ணப்படும். கருவி சொன்ன விரிசல் வளர்ச்சி, கண்ணால் அளந்ததிலிருந்து சோதனை விதி அனுமதிக்கும் எல்லையைத் தாண்டி விலகினால், அந்தச் சோதனை முடிவு செல்லாது.