குடிசை நம்முடையது, மண் யாருடையது?

(ஆவூரில் விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று கூலி உயர்வைப் பற்றிப் பேசுவதாகத்தான் நோட்டீசில் போட்டிருந்தோம். ஆனால் நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடை வாசலில் ஒரு தோழர் என் கையில் வழவழப்பான வர்ணத் தாள் ஒன்றைத் திணித்தார். "வீட்டுமனை விற்பனைக்கு! முன்பணம் கட்டினால் போதும்! மீதி மாதத் தவணை!" என்று போட்டிருக்கிறது. தென்னை மரம், ஊஞ்சல், நீரூற்று எல்லாம் படத்தில் இருக்கின்றன. சர்வே நம்பரை மட்டும் காணோம். "இதில் பணம் கட்டலாமா?" என்று கேட்டார். பின்னாலேயே ஓர் அம்மாள் வந்தார். அவர் ஏற்கெனவே ஏழு தவணை கட்டிவிட்டாராம். ஆகவே கூலியைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். முதலில் மண்ணைப் பற்றிப் பேசுவோம்.

என் பாட்டி பண்ணையாள். அவள் குடியிருந்த குடிசையின் மூங்கில் அவள் வெட்டிச் சுமந்தது. கீற்று அவள் முடைந்தது. சுவர் அவள் மிதித்த சேறு. ஆனால் குடிசை நின்ற மண் மட்டும் பண்ணையாருடையது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால், ஒரு சொல் எதிர்த்துப் பேசிவிட்டால், "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்பான். எங்கே போவது? கூரையைத் தலையில் தூக்கலாம். தரையைத் தூக்க முடியுமா? தஞ்சைத் தரணியில் தோழர் பி. சீனிவாசராவ் செங்கொடியை நட்டபோது, சாட்டையடியையும் சாணிப்பாலையும் எதிர்த்த போராட்டத்தோடு சேர்ந்தே வந்தது குடியிருக்கும் மனைக்கான போராட்டம். 1961-ல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்தது. 1971-ல் குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று மற்றொரு சட்டம் வந்தது. இவை சர்க்கார் மனமிரங்கிக் கொடுத்த பிச்சையல்ல. இடையில் 1968-ல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசையில் வெந்து கருகினதை மறந்துவிட்டு இந்தச் சட்டங்களைப் படிக்கக் கூடாது.

இது நம் நாட்டுப் பழைய கதை, நிலப்பிரபுத்துவத்தின் கதை என்று நினைப்பீர்கள். உலகத்தின் பெரிய முதலாளித்துவ நாடாகிய அமெரிக்காவுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே தொழிற்சாலையில் செய்து, சக்கரத்தில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கும் வீடுகள் இருக்கின்றன. நடமாடும் வீடு என்று பெயர். சுமார் இரண்டு கோடி ஜனங்கள் அதில் வாழ்கிறார்கள். பெரும்பாலும் கூலிக்காரர்கள், ஓய்வுபெற்ற கிழவர் கிழவிகள். வீட்டைக் கடன் வாங்கி வாங்குகிறார்கள். ஆனால் பல பேருக்கு வீடு நிற்கும் மண் வேறொருவனுக்குச் சொந்தம். அதற்கு மாதா மாதம் வாடகை. நடமாடும் வீடு என்பது பெயருக்குத்தான். ஒரு தடவை இறக்கி வைத்த பிறகு அதைக் கிளப்ப ஆகும் செலவை அந்த ஏழையால் கொடுக்க முடியாது. இது தெரிந்துதான் பெரும் பணமூட்டைகள் அந்தப் பேட்டைகளை வளைத்து வாங்கி வாடகையை ஏற்றுகிறார்கள். என் பாட்டியின் பண்ணையாருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? இவர்கள் கோட்டுப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். (சிரிப்பு)

இதற்கு அங்குள்ளவர்கள் ஒரு வழியும் கண்டார்கள். 1984-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் இப்படிப்பட்ட ஒரு சிறு பேட்டையில் குடியிருந்தவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மண்ணைத் தாங்களே வாங்கிவிட்டார்கள். அதைப் பார்த்து இன்னும் பல பேட்டைகள் அந்த வழிக்கு வந்தன.

ஆலைத் தொழிலாளர்கள் பம்பாயையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1982 ஜனவரியில் அங்கே தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நகரின் நடுவே தங்கம் விலை போகும் ஆலை மண் மிஞ்சியது. 1991-ல் ஒரு நகரமைப்பு விதி வந்தது. ஆலை நிலத்தை விற்றால் ஒரு பங்கு பொதுத் திடலுக்கு, ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு, ஒரு பங்குதான் முதலாளிக்கு. நல்ல விதிதான். ஆனால் 2001-ல் சத்தமில்லாமல் அதைத் திருத்தினார்கள். கட்டடம் இல்லாத காலி இடத்தை மட்டும் கணக்கில் எடுத்துப் பங்கு போட்டால் போதும் என்று ஆக்கினார்கள். ஆலை என்றால் முக்கால்வாசியும் கட்டடந்தானே! பங்கு எவ்வளவு சுருங்கும் என்று நீங்களே பாருங்கள். ஹைகோர்ட் அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. 2006-ல் சுப்ரீம் கோர்ட் முதலாளிகள் பக்கம் தீர்ப்பளித்தது. துப்பாக்கி இல்லை, தடியடி இல்லை. ஒரு விதியில் நாலைந்து சொற்கள். அவ்வளவில் தொழிலாளியின் நிலம் கைமாறிவிட்டது.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன்? மனைப்பிரிவு, அனுமதி, வரைபடம், விதி என்றால் அது படித்தவர்கள் காரியம், ஆபீஸ் காரியம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஜல்லிக்கட்டுக் காளையின் திமிலைப் பிடிக்கத் தயங்காத நம் ஆவூர்ப் பையன்கள் நாலு தாள் பத்திரத்தைப் பிரித்துப் படிக்கப் பயப்படுகிறார்கள்.

பயந்தவர்களில் நானும் ஒருவன். பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு மனைக்கு என் மனைவி தவணை கட்டினாள். கட்சி ஊழியனுக்குக் கிடைக்கும் படியில் மிச்சம் பிடித்த பணம், அவள் பூக்கட்டிச் சேர்த்த பணம். மெட்ரிகுலேஷன் வரை படித்த நான், ஊராருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிற நான், அந்தப் பத்திரத்தை ஒரு தடவை சரிபார்க்கவில்லை. மழைக்காலத்தில் போய்ப் பார்த்தபோது எங்கள் மனையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது குளத்துக்கு நீர் வரும் வாரி. மேடு தட்டி, கல் நட்டு, கொடி கட்டி விற்றிருக்கிறார்கள். விற்றவன் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். என் மனைவி இன்றுவரை அதைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

2016 செப்டம்பரில் சென்னை ஹைகோர்ட் அனுமதியில்லாத மனைகளைப் பத்திரம் பதியத் தடை போட்டது. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவும் அந்த ஆண்டு அக்டோபர் 20-ல் அமலுக்கு வந்தது. நாடெங்கும் லட்சக்கணக்கான ஏழைகள் கையில் பத்திரமும் விழியில் நீருமாக நின்றார்கள். 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அந்த அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டினால் அனுமதி. யார் கட்டுவது? அனுமதி வாங்காமல் விற்றவனா? இல்லை, ஏமாந்து வாங்கியவன்! அதிலும் நீர்நிலையில், வாய்க்காலில் கிடக்கும் மனைக்கு எவ்வளவு கட்டினாலும் வரன்முறை கிடையாது. அது நியாயந்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. விற்றவன் கையில் விலங்கு மாட்டாததுதான் வருத்தம்.

இந்த வியாபாரத்தில் லாபம் எப்படி வருகிறது என்று ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஏக்கர் 20 லட்சத்துக்கு வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. பாதைக்கும் பூங்காவுக்கும் நூற்றுக்கு 35 கழித்தாலும் 28,300 சதுர அடி மிஞ்சுகிறது. சதுர அடி 300 ரூபாய் என்று விற்றால் ஏறத்தாழ 85 லட்சம்! இதில் மூன்று சென்ட் மனை 3 லட்சத்து 92 ஆயிரம் ஆகிறது. நாளுக்கு 500 ரூபாய் கூலி வாங்கும் தொழிலாளி ஒரு காசு செலவழிக்காமல், ஒரு வேளை சோறு தின்னாமல் 784 நாள் உழைத்தால் அந்த மனை. ஆகையால்தான் பாதையைக் குறுக்கவும், பூங்காவை விழுங்கவும், வாரியைத் தூர்க்கவும் அவனுக்கு ஆசை வருகிறது. வாரியின் ஒவ்வொரு அடியும் அவனுக்கு 300 ரூபாய்.

நமக்கு அந்த வாரி என்ன? புதுக்கோட்டைச் சீமையில் காவிரிப் பாசனம் ஓர் ஓரத்துக்குத்தான். மற்ற இடமெல்லாம் வானம் பார்த்த பூமி. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகளும் குளங்களும் கண்மாய்களும் இந்த ஜில்லாவில் இருக்கின்றன. மேட்டுப் புஞ்சையில் விழுந்த மழை வாரி வழியாக ஒரு குளத்துக்கு வந்து, அது நிரம்பிக் கலுங்கில் வழிந்து, கீழ்க் குளத்துக்குப் போகிறது. சங்கிலி மாதிரி. மேலே ஒரு கண்ணி அறுந்தால் கீழே மூன்று குளம் காயும். குளம் காய்ந்தால் நடவு இல்லை. நடவு இல்லையானால் களையெடுப்பு இல்லை, அறுப்பு இல்லை. நிலத்துக்காரனுக்கு ஒரு போகம் நஷ்டம். நமக்கு அடுப்பே நஷ்டம். மனை வாங்கிய அதே விவசாயத் தொழிலாளி, தன் மனைக்காகத் தூர்த்த வாரியாலேயே வேலையை இழக்கிறான்! குளங்களைப் பாதுகாக்க 2007-ல் தனிச் சட்டமே இருக்கிறது. சட்டம் தானாக எழுந்து வந்து வாரியில் படுத்துக்கொள்ளாது.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஒருவன் நிலத்தை மனையாகப் பிரிக்க வேண்டுமானால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி வேண்டும். நன்செய்யாக இருந்தால் அதை மனையாக மாற்றவே தனி அனுமதி வேண்டும். பாதைகளையும் பொது ஒதுக்கிடத்தையும் தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்கு ஒப்படைத்த பிறகுதான் இறுதி அனுமதி. 2019 விதிகளின்படி மனைப்பிரிவு பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் இருந்தால், பாதை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைப் பொது ஒதுக்கிடமாக நிலமாகவே விட வேண்டும். இன்னொரு பத்தில் ஒரு பங்கு நலிந்த பிரிவினருக்கான சிறு மனைகளாக இருக்க வேண்டும். வர்ணத் தாளில் ஊஞ்சல் போடுகிறவர்கள் இதை எங்கேயாவது போட்டிருக்கிறார்களா? நாம் கேட்டால்தான் அந்தச் சிறு மனை நம் கண்ணில் படும்.

2016-ம் வருஷத்து மத்திய சட்டமொன்றும் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேல், நம் கணக்கில் பன்னிரண்டு சென்டுக்குச் சற்று அதிகமாகவோ, எட்டு அடுக்குமாடி வீடுகளுக்கு மேலோ இருந்தால், ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிந்து, அந்தப் பதிவு எண்ணை விளம்பரத்திலேயே போட வேண்டும். எழுத்து மூலமான ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. டீக்கடைத் தோழர் கொடுத்த தாளை இதோ திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பதிவு எண் இல்லை. பதில் கிடைத்துவிட்டதல்லவா?

எண் இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் கேளுங்கள். அந்த சர்வே நம்பரின் பக்கத்தில் வாரி, ஓடை, வண்டிப்பாதை, மந்தைப் புறம்போக்கு என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். புலப்படத்தில் இருந்து, விற்கிறவனின் வரைபடத்தில் இல்லையானால், கள்ளன் அகப்பட்டான். சில வாரிகள் பட்டா நிலத்துக்குள்ளேயே காலங்காலமாக ஓடும். எந்த ஏட்டிலும் இருக்காது. அங்கேதான் நம் கிழவர்கள் வேண்டும். ஆடு மேய்த்தவர்களுக்குத் தெரிந்த நீரோட்டம் எந்த என்ஜினீயருக்கும் தெரியாது. அவர்களை அழைத்துக்கொண்டு நடந்து பாருங்கள், எழுதுங்கள், கைநாட்டு வாங்குங்கள்.

அதைக் கிராம சபையில் வையுங்கள். வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 2025 ஜனவரியில் நம் ஜில்லாவில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் கைக்குப் பொறுப்பு போயிற்று. நாற்காலியில் யார் இருந்தாலும் கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது. அனுமதி கொடுப்பது சபை இல்லைதான். ஆனால் தீர்மானம் ஏட்டில் ஏறிவிட்டால், "எங்களுக்குத் தெரியாது" என்று எந்த அதிகாரியும் பிறகு கையை விரிக்க முடியாது.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மனைப்பிரிவே கூடாது, வெளியார் யாரும் வரக் கூடாது என்று நம்மில் சிலர் பேசுகிறார்கள். அது நம் கட்சியின் பேச்சல்ல. கடல் கடந்து வந்த பூஷே பாதிரியார் 1697-ல் கோயில் எழுப்பிய ஊர் இது. மாத்தூரிலும் விராலிமலையிலும் தொழிற்சாலைக்குப் போகிற பையன்கள் எங்கே குடியிருப்பார்கள்? நம் பிள்ளைகளுக்கே கல்யாணம் ஆனால் இடம் இல்லை. ஒரே குடிசையில் நடுவே சேலையைக் கட்டித் தொங்கவிட்டு இரண்டு குடும்பம். அமெரிக்காவில் நடமாடும் வீட்டுப் பேட்டைக்கு அனுமதி கேட்டு மனு வந்தால், வசதி படைத்தவர்கள் விசாரணைக்கு வந்து, "தண்ணீர் போதாது, போக்குவரத்துக்கு இடைஞ்சல், எங்கள் சொத்து மதிப்பு இறங்கிவிடும்" என்கிறார்கள். இந்தக் குரலை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் இல்லையா? ஆதிதிராவிடர்களுக்கு மனைப்பட்டா கொடுக்க சர்க்கார் நிலம் எடுக்க வந்தபோதெல்லாம் ஊர்ப் பெரிய மனிதர்கள் கொடுத்த மனுவிலும் தண்ணீரும் போக்குவரத்துந்தான் இருந்தன. ஜாதியை ஒருவரும் எழுதுவதில்லை. அந்தத் தடையை மீறத்தான் 1978-ல் ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்கத் தனிச் சட்டம் தேவைப்பட்டது. நம் ஜில்லா வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்த கொடுமையைக் கண்ட பிறகும், ஊர் வேறு காலனி வேறு என்று மனை பிரிப்பதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே ஒருவன் ஆட்சேபிக்கிறான் என்றால், வாரியை வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் அவனோடு நிற்போம். காட்ட முடியாமல் "அந்த ஜனங்கள் வந்தால்..." என்று இழுத்தால், அவனை எதிர்த்து நிற்போம்.

ஏழு தவணை கட்டிய அம்மாளுக்கு வருகிறேன். எட்டாவது தவணையைக் கட்டாமல் நிறுத்தி வையுங்கள். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், சீட்டுப் புத்தகத்தைச் "சரிபார்த்துத் தருகிறேன்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் கொடுங்கள். ஆணையத்தில் புகார் கொடுக்க வழி இருக்கிறது. மனுவை நானே எழுதித் தருகிறேன், இந்தத் தடவை படித்துப் பார்த்து. இதே கம்பெனியில் கட்டியவர்கள் இன்னும் யார் யார் இருக்கிறீர்கள்? வெட்கப்படாமல் கையைத் தூக்குங்கள்... ஒன்று, இரண்டு... அதோ பின்னால் ஐந்து பேர். பதினொரு பேர் ஆகிறது. கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் வந்து பெயரும் கட்டிய தொகையும் எழுதிவிட்டுப் போங்கள். ஆடு மேய்க்கும் பெரியவர்கள் இரண்டு பேர் நாளைக் காலை ஆறு மணிக்கு என்னோடு வர வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வாரியை நடந்து பார்த்துவிடலாம்.

இனி கூலி விஷயம்.