லேப் சாவி யாருகிட்ட இருக்கு? – ஏற்காட்டில் ஆற்றிய உரையிலிருந்து



ஏற்காடுன்னா கோடை விழா, மலர்க் கண்காட்சி. இதுதான் நியூஸ்ல வரும். இதே சேர்வராயன் மலையில பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கு. அதைப் பத்தி எத்தனை பேர் பேசுறோம்?

2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நம்ம மலையாளி மக்கள். மாநில எழுத்தறிவு 80 சதவீதம், பழங்குடியினருக்கு 54. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் கணினி, புரொஜெக்டர், ஸ்மார்ட் வகுப்பறை எல்லாம் மலை ஏத்துறாங்க. நல்ல விஷயம், வரவேற்போம்.

ஆனா ஏத்தினதோட வேலை முடிஞ்சுதா? ஆய்வுக்கு வர்றவர் படிவத்துல "கணினி 10, இன்டர்நெட் உண்டு"ன்னு டிக் அடிச்சிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிட்டா அதுக்குப் பேர் ஆய்வா? 10 கணினி, 40 பிள்ளைங்கன்னு வைங்க. 40 நிமிஷப் பாடவேளையில ஒரு பிள்ளை கைக்கு மவுஸ் வர்றது பத்தே நிமிஷம். அதுவும் கரண்ட் இருந்தா, சிக்னல் இருந்தா. மழைக்காலத்துல இங்க என்ன நிலைமைன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, செயற்கைக்கோள் வழியா 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடந்தது. 'சைட்' திட்டம். (தமிழ்நாடு அந்தப் பட்டியல்ல இல்ல, அது வேற கதை.) அப்போ பெட்டியை மட்டும் எண்ணல. மானுடவியல் ஆய்வாளர்கள் அந்தந்த ஊர்லயே தங்கி, யார் பார்க்கிறாங்க, என்ன புரியுதுன்னு எழுதினாங்க. ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி முடிஞ்சது, இன்னைக்கு ஏன் முடியாது?

டவுன்ல படிக்கிற பிள்ளைக்கு லேப் பூட்டியிருந்தா அப்பா போன் இருக்கு, வீட்டு டிவியில கல்வி தொலைக்காட்சி இருக்கு. விடுதியில தங்கிப் படிக்கிற நம்ம பிள்ளைக்கு? அந்த ஒரு அறைதான். சாயங்காலம் நாலரைக்கு மேல, ஞாயிற்றுக்கிழமை, அந்த அறை திறந்திருக்கணும். ஆய்வுல முதல் கேள்வியே அதுதான்: சாவி யாருகிட்ட? அப்புறம் போன மாசம் எத்தனை மணி நேரம் ஓடுச்சு, ரிப்பேர்னா சேலத்துல இருந்து ஆள் வர எத்தனை நாள், பாடத்தைப் பார்த்த பிள்ளை அதைத் தன் வார்த்தையில சொல்லுதா? ஆசிரியர்களைக் குறை சொல்ல இதைக் கேட்கல. பாடமும் நடத்தி, லேப் ரிஜிஸ்டரும் எழுதி, பழுதும் பார்ன்னு ஒரே ஆள் தலையில கட்டுறது நியாயமில்ல. அதுக்குன்னு ஒரு ஆளைப் போடுங்கன்னு கேட்கிறோம்.

தோழர்களே, அக்டோபர் 2 கிராம சபைக்குப் போகும்போது இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துட்டுப் போங்க, தீர்மானமா பதிவு பண்ணச் சொல்லுங்க. பதில் வரலன்னா 10 ரூபாய் கட்டணத்துல தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்க. 30 நாள்ல பதில் தரணும். வந்த பதிலை இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்க. பள்ளி பேர் போடலாம், பிள்ளைங்க பேரும் படமும் வேண்டாம்.