எது ஓர் இனம்?

நம் லயத்து வாசலில் படுத்திருக்கும் நாயும், பட்டணத்துப் பங்களாவில் மடியில் வைத்துக் கொஞ்சும் சடைநாயும் உருவத்தில் எவ்வளவு வேறு! ஆயினும் இரண்டும் ஒரே இனந்தான் என்கிறார்கள் உயிரியல் அறிஞர்கள். அப்படியானால், ஓர் இனத்தை எதைக் கொண்டு பிரித்தறிவது? இதற்குப் பல அளவுகோல்கள் உண்டு. அவற்றுள் முக்கியமான மூன்றைப் பார்ப்போம்.

முதலாவது உருவம். பார்வைக்கு ஒத்தவை ஓரினம் என்பது பழைய முறை. நம் நாய்களைப் பார்த்தாலே இதன் குறை தெரியும்.

இரண்டாவது இனப்பெருக்கம். இயற்கையில் தமக்குள் கூடிப் பெருகி, பிற கூட்டத்தோடு கலவாதிருப்பதே ஓர் இனம் என்று 1942இல் எர்ன்ஸ்ட் மேயர் விளக்கினார். குதிரையும் கழுதையும் கூடினால் கோவேறு கழுதை பிறக்கும்; அதுவோ பெரும்பாலும் மலடு. ஆகவே அவை வெவ்வேறு இனங்கள். ஆனால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் எவற்றோடு கூடுகின்றன என்று யார் பார்ப்பது?

மூன்றாவது வமிசவழி. உடலணுக்களிலுள்ள மரபுப் பொருளை ஒப்பிட்டு, தனிக் கிளையாகப் பிரிந்து வந்ததைத் தனி இனம் என்பார்கள்.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் மலேரியா நோயாளிகள் பலரின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், மூன்று நாளுக்கொரு முறை பெருகும் சாதுவான கிருமி என்றே எழுதினார்கள். பின்னர் 208 பேரின் இரத்தத்தில் மரபுப் பொருளைச் சோதித்தபோது, 120 பேரிடம் இருந்தது குரங்குகளிடம் காணப்படும் 'நோலெசி' என்னும் வேறோர் இனம்! 2004இல் இவ்வுண்மை வெளியாயிற்று. உருவம் ஏறத்தாழ ஒன்று, குணமோ வேறு. நோலெசி 24 மணி நேரத்துக்கொரு முறை பெருகும். சிகிச்சை தாமதித்தால் உயிரையே பறிக்கும்.

2018இல் மனித மலேரியா நம் நாட்டில் உள்ளூரில் ஒருவருக்கும் தொற்றவில்லை. ஆனால், அதே ஆண்டில் குரங்கு மலேரியா 4,000 பேருக்கு மேல் கண்டது. நீண்டவால் குரங்கும், தேங்காய் பறிக்கப் பழக்கும் 'பெரோக்' குரங்கும் இக்கிருமியைச் சுமக்கின்றன. காட்டுக் கொசு அதை மனிதருக்குக் கொண்டு வருகிறது.

ஆகவே, காட்டோரத்தில் வேலை செய்வோரே, காய்ச்சல் கண்டால் கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காட்டுப்பக்கம் போனதை மறவாமல் சொல்லுங்கள். கிருமியின் இனத்தைச் சரியாக அறிய அந்த ஒரு வார்த்தை உதவும்.